ஏறுமுன் எண்ணுங்கள்

மெரினா கலங்கரை விளக்கத்துக்குப் போய்வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். காற்று, கடல், மேலிருந்து பார்த்தால் நூல்போலத் தெரியும் காமராஜர் சாலை, நாலைந்து படங்கள். லிஃப்டில் ஒன்பதாவது மாடி, மாடத்தில் ஒரு சுற்று, அரை மணி நேரத்துக்குள் கீழே. அந்தக் காட்சி அழகானதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதற்காக அந்தக் கோபுரம் கட்டப்பட்டதோ அது அவர்கள் தலைக்கு மேலே, பகல் வெளிச்சத்தில், வேலையில்லாமல் நிற்கிறது. கலங்கரை விளக்கம் என்ற பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே சொல். பெரும்பாணாற்றுப்படை 'ஓடுகலங் கரையும்' என்று சொல்லும் துறைமுக மாடத்தில் ஏணி சாத்தியிருக்கிறது, கூரை வேயவில்லை, இரவில் தீ மூட்டுகிறார்கள். புகை போக வழி, எரிபொருள் ஏற்ற வழி, எட்டத் தெரிய உயரம் என்று கட்டுமானக் குறிப்பு முழுவதும் நாலு வரியில் வந்துவிடுகிறது. கலத்தைக் கூப்பிடும் விளக்கு அது. அந்தக் கூப்பாட்டைக் கேட்காமல் பகலில் ஏறி இறங்குவது பாதிப் பயணம்தான் என்பது என் திடமான எண்ணம்.

ஆகவே சென்னைக்கு வருகிறவர்களுக்கும் சென்னையிலேயே இருப்பவர்களுக்கும் சொல்வது ஒன்றுதான். ஏறுவதற்கு முந்தின நாள் இரவு கீழே நின்று அந்த விளக்கை எண்ணுங்கள்.

எங்கே நின்று, எப்படி எண்ணுவது

கோபுரத்தின் அடியில் நிற்க வேண்டாம். விளக்கின் ஒளி கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வெளியே போகிறது. அடியில் நிற்பவருக்கு அது தலைக்கு மேலே போய்விடும், முகத்தில் விழாது. குறைந்தது இரண்டு மூன்று கிலோமீட்டராவது தள்ளிப் போக வேண்டும். வடக்கே உழைப்பாளர் சிலைப் பக்கத்து மணல், தெற்கே பெசன்ட் நகர் கடற்கரை, இரண்டும் தோதான இடங்கள். கடைகளின் விளக்குக்கும் உயர்கம்ப விளக்குக்கும் முதுகைக் காட்டி, நீரோரமாகப் பத்து நிமிடம் இருந்தால் கண் இருட்டுக்குப் பழகிவிடும். கைபேசித் திரையின் வெளிச்சத்தைக் கடைசி அளவுக்குக் குறைத்துவிடுங்கள். ஒருமுறை பிரகாசமான திரையைப் பார்த்தால் அந்தப் பத்து நிமிடமும் வீண்.

சென்னை விளக்கத்தின் அடையாளம் பத்து வினாடிக்கு இரண்டு வெள்ளை ஃபிளாஷ். பளிச், பளிச், பிறகு நீண்ட இருட்டு. மறுபடியும் பளிச், பளிச். இந்த ஜோடியைக் கண்டுபிடித்ததும் கைபேசியில் ஸ்டாப்வாட்சைத் திறந்து, ஒரு ஜோடியின் முதல் ஃபிளாஷில் அழுத்துங்கள். அழுத்தும்போது வாயில் வர வேண்டியது 'பூஜ்யம்'. அடுத்த ஜோடியின் முதல் ஃபிளாஷ் 'ஒன்று'. இப்படிப் 'பத்து' வரும்போது நிறுத்தினால் நூறு வினாடி காட்ட வேண்டும். தொண்ணூறு காட்டினால் தொடக்கத்தையே ஒன்று என்று எண்ணியிருக்கிறீர்கள், எல்லாரும் முதலில் செய்யும் தவறு இது. நூற்றுப்பத்து என்றால் நடுவில் ஒரு ஜோடியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். நூறுக்கு மேல் ஓரிரு வினாடி மட்டும் கூடியிருந்தால், முதல் ஃபிளாஷில் தொடங்கி இரண்டாவது ஃபிளாஷில் முடித்திருப்பீர்கள். ஒரே ஒரு சுற்றை அளந்து பத்து வினாடி என்று முடிவுகட்டக் கூடாது. விரலின் தாமதமே கால் வினாடி இருக்கும். பத்துச் சுற்றுக்கு அந்தத் தாமதம் பத்தில் ஒன்றாகப் பங்கிடப்பட்டுவிடும்.

கடலில் இருப்பவர் செய்வதும் இதுதான். கடல் வரைபடத்தில் ஒவ்வொரு விளக்கத்துக்கும் பக்கத்தில் சுருக்கமாக எழுதியிருக்கும்: எத்தனை ஃபிளாஷ், எத்தனை வினாடிக்கு ஒருமுறை, விளக்கு எத்தனை மீட்டர் உயரம், எத்தனை கடல் மைல் எட்டும். சென்னைக்கு இரண்டு, பத்து, ஐம்பத்தேழு, இருபத்தெட்டு. எண்ணிக்கையும் வினாடியும் ஒத்துப்போனால்தான் அது சென்னை. பிரகாசத்தை வைத்து எந்த மாலுமியும் முடிவெடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கும் தூரத்தில் இருக்கும் பெரிய விளக்கும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அதிலும் சென்னை போன்ற நகரத்தின் பின்னணியில் ஆயிரக்கணக்கான வெள்ளை விளக்குகள் எரியும்போது, நிலையாக எரியும் ஒரு விளக்கு எவ்வளவு பெரிதானாலும் கூட்டத்தில் கரைந்துவிடும். தாளம் மட்டும்தான் தனித்து நிற்கும்.

உயரம் வாங்கித் தந்தது எவ்வளவு

சென்னைக்கு இது நாலாவது விளக்கம். முதலாவது 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், இன்று கோட்டை அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மொட்டைமாடியில், தேங்காய் எண்ணெய்த் திரிகளோடு எரிந்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 99 அடி. இரண்டாவது, கோட்டைக்கு வடக்கே பல்லாவரத்துக் கருங்கல்லால் எழுப்பிய 125 அடித் தூண், 1844 ஜனவரி 1 முதல். மூன்றாவது, உயர் நீதிமன்றத்தின் மிக உயர்ந்த குவிமாடத்தின் உச்சியில் 1894 முதல், 175 அடி. நாலாவது 1977 ஜனவரி 10 முதல் மெரினாவில், 57 மீட்டர், அதாவது 187 அடி.

இந்த உயரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை எடுத்து 2.08ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து அடிவானம் எத்தனை கடல் மைல் என்பது வரும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 1796இன் விளக்குக்கு அடிவானம் 11.4 கடல் மைல். கல்தூணுக்குச் சுமார் 12.8, நீதிமன்றக் குவிமாடத்துக்கு 15.2, மெரினாவுக்கு 15.7. நூற்றெண்பது ஆண்டுகளில் உயரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது, கிடைத்ததோ நாலேகால் கடல் மைல். வர்க்கமூலம் அப்படித்தான், மேலே போகப் போகக் கஞ்சத்தனம் காட்டும். எட்டும் தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் உயரத்தை நாலு மடங்காக்க வேண்டும்.

அப்படியானால் 28 கடல் மைல் என்பது எங்கிருந்து வந்தது? அது ஒளியின் வலு. வானம் தெளிவாக இருந்தால் அந்த ஒளி அவ்வளவு தூரம் போகும் என்பது பொருள். ஆனால் பூமி வளைந்திருக்கிறதே. நீர்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒரு விசைப்படகுக்காரருக்கு அவருடைய அடிவானம் 4.65 கடல் மைல். விளக்கின் 15.7ஐச் சேர்த்தால் இருபதைச் சற்றுத் தாண்டும். அதற்கு அப்பால் நேர் ஒளி தெரியாது. மிச்சமிருக்கும் வலு வீணாவதில்லை, அடிவானத்துக்குக் கீழிருந்து வானத்தில் ஒரு வெளிறிய துடிப்பாகத் தெரியும். விளக்கே தெரிவதற்கு முன்னால் அதன் தாளம் தெரிந்துவிடும். மழைமேகம் தாழ்ந்திருக்கும் இரவுகளில் இது இன்னும் நன்றாகத் தெரியும், ஆனால் மழை இடையில் வந்துவிட்டால் எல்லாம் போயிற்று. 28 என்ற எண்ணைத் தகவல் பலகையில் படித்துவிட்டு அவ்வளவு தூரத்தில் விளக்கே தெரியும் என்று சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கணக்கு ஃபைபர் படகில் கையோடு பயன்படும் கணக்கு. தூரத்தில் விளக்கு முதன்முதலாகத் தலைகாட்டும்போது, எழுந்து நின்றால் தெரியும், உட்கார்ந்தால் மறையும் ஒரு நிலை வரும். உட்கார்ந்தவரின் கண் நீரிலிருந்து ஒரு மீட்டர், நின்றவரின் கண் இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்தவருக்கு 15.7உடன் 2.1, நின்றவருக்கு 15.7உடன் 2.9. ஆக, படகு விளக்கத்திலிருந்து 17.8க்கும் 18.6க்கும் இடையே இருக்கிறது. கிலோமீட்டரில் சொன்னால் 33க்கும் 34.5க்கும் நடுவே. எந்தக் கருவியும் இல்லாமல், எழுந்து உட்கார்ந்தே கிடைத்த அளவு. அலையில் படகும் ஏறி இறங்கும் என்பதால் ஒரே தடவையில் முடிவெடுக்கக் கூடாது, ஏழெட்டு அலை பார்த்து, அலையின் நடுமட்டத்தில் இருக்கும்போது தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும்.

ஒரு சென்டிமீட்டர் தவறினால்

உயரம் கஞ்சத்தனம் காட்டுகிறது என்றால் மிச்ச வேலையை யார் செய்கிறார்கள்? லென்ஸ். கலங்கரை விளக்கங்களில் உண்மையாகவே வியக்க வேண்டியது அதுதான். ஒரு சாதாரணச் சுடர் எல்லாப் பக்கமும் ஒளியைக் கொட்டுகிறது. வானத்துக்குப் போவதும் தரைக்குப் போவதும் மாலுமிக்குப் பயனில்லை. பிரான்சைச் சேர்ந்த ஃபிரெனெல் கண்ட வழி, நடுவில் ஒரு தடித்த கண்ணாடிக் கண், அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பட்டகங்கள். உள்வளையங்கள் ஒளியை வளைக்கும், மேலும் கீழும் உள்ள வெளிவளையங்கள் உள்ளுக்குள் பிரதிபலித்துத் திருப்பும். எல்லாம் ஒரே திசையில், அடிவானத்தை நோக்கி. 1823இல் கோர்துவான் விளக்கத்தில் முதன்முதலாக ஏற்றினார்கள். இந்தப் பட்டகங்களைக் கொண்ட சட்டத்தைச் சுற்றவிட்டால், ஒவ்வொரு கண்ணும் மாலுமியைக் கடக்கும்போது ஒரு ஃபிளாஷ். இரண்டு கண்களை அருகருகே வைத்தால் ஜோடி ஃபிளாஷ். தாளம் கண்ணாடியின் அமைப்பிலேயே செதுக்கப்பட்டுவிடுகிறது.

இதில் எது தவறிப்போகும் என்று பார்த்தால்தான் அந்தக் கண்ணாடியின் மேல் மரியாதை வரும். பெரிய அளவு வகையான 'முதல் தர' லென்ஸின் குவியத் தொலைவு, அதாவது லென்ஸுக்கும் விளக்கு இருக்க வேண்டிய இடமான குவியத்துக்கும் இடையிலுள்ள தூரம், 920 மில்லிமீட்டர். அதை மெரினாவின் உயரமான 57 மீட்டரில் வைத்ததாகக் கொள்வோம். விளக்கு குவியத்திலிருந்து ஒரே ஒரு சென்டிமீட்டர் மேலே ஏறிவிட்டால், ஒளிக்கற்றை 0.62 பாகை கீழே சாயும். சிறிய கோணம்தான். ஆனால் 57 மீட்டர் உயரத்திலிருந்து அந்தச் சாய்வில் போகும் கற்றையின் நடுப்பகுதி ஐந்தே கால் கிலோமீட்டரில் கடலில் விழுந்துவிடும். அதற்கப்பால் இருக்கும் கப்பலுக்குக் கற்றையின் வலுக்குறைந்த விளிம்புதான் மிஞ்சும். ஒரு சென்டிமீட்டர் கீழே இறங்கினால் இதற்கு நேர்மாறு, ஒளி மேகத்துக்குப் போகும். சரியான இடம் குவியத்துக்குச் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் மேலே, ஏனென்றால் அவ்வளவு உயரத்திலிருந்து கடலின் அடிவானமே கால் பாகைக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்திருக்கிறது. எண்ணெய்த் திரி காலத்தில், எரிய எரியச் சுடரின் உயரம் மாறிக்கொண்டே இருக்கும். இரவு முழுவதும் விளக்கறையில் ஆள் விழித்திருந்ததற்கு முதல் காரணம் சுடர் அணைந்துவிடுமோ என்பது, அதற்குச் சற்றும் குறையாத இரண்டாவது காரணம் இந்தச் சில மில்லிமீட்டர்.

சுழற்சிக்கும் இதே கதை. பல டன் எடையுள்ள லென்ஸைப் பாதரசத் தொட்டியில் மிதக்கவிட்டார்கள், ஒரு விரலால் தள்ளினால் நகரும். கடிகாரம் போன்ற பொறியும் கோபுரத்துக்குள் மெல்ல இறங்கும் எடைக்கட்டியும் அதைச் சுற்றின. பாதரசத்தில் தூசியும் கசடும் சேர்ந்தால் உராய்வு கூடும், சுழற்சி தளரும். பத்து வினாடி விளக்கு பன்னிரண்டு வினாடி ஆகிவிட்டால் அது மங்கிய விளக்கு இல்லை, வேறொரு ஊரின் விளக்கு. எரியாத விளக்கைவிட இது ஆபத்தானது. அதனால் பாதரசத்தை அவ்வப்போது எடுத்து வடிகட்டினார்கள். அதன் ஆவி நச்சு என்பதால் இன்று பல நாடுகளில் பாதரசத் தொட்டியையே அகற்றிவிடுகிறார்கள்.

கண்ணாடிக்கு எதிரி உப்பு. கடற்காற்று விளக்கறைக் கண்ணாடியில் படிய விடும் உப்பை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது, உப்புப் பொடி கண்ணாடியைக் கீறும். முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கரைத்து, பிறகுதான் மென்துணி. லென்ஸைத் துடைப்பவர்கள் சட்டைப் பொத்தான் பட்டகத்தில் உரசாமல் இருக்க மேலே ஓர் அங்கி கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பகலில் விளக்கறைக்குத் திரைபோட்டு மூடுவதற்கும் காரணம் அழகு இல்லை. உள்ளிருக்கும் ஒளியை வெளியே குவித்து அனுப்பும் அதே லென்ஸ், வெளியிருக்கும் சூரியனை உள்ளே குவித்து விளக்கையும் பொறியையும் கருக்கிவிடும்.

ஏறும்போது

இதெல்லாம் மனதில் இருந்தால் ஒன்பதாவது மாடி வேறு மாதிரி இருக்கும். சென்னை விளக்கம் 2013 நவம்பரில்தான் பொதுமக்களுக்கு மறுபடி திறந்தது, அதற்கு முன் பாதுகாப்புக் காரணங்களால் நீண்ட காலம் மூடியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை, மதியத்தில் இடைவேளை உண்டு. அந்த இடைவேளைக்குப் பிறகு போவது நல்லது, காலையில் வெயில் கடலுக்கு மேலே இருப்பதால் கிழக்கே பார்த்தால் கண் கூசும். கோபுரம் முக்கோண வடிவம், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். பகலில் விளக்கு பேசாது, அப்போது அந்தப் பட்டைகளும் வடிவமும்தான் கடலுக்கு அடையாளம். தெற்கே பக்கத்திலேயே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம் தெரியும். கரையிலுள்ள இப்படி இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்ப்படுத்தித்தான் மீனவர்கள் தம் இடத்தைக் கடலில் குறித்துக்கொள்வார்கள். ஜிபிஎஸ் கையில் வந்த பிறகும் அது பழுதானால் கைகொடுப்பது அந்த நேர்க்கோடுதான்.

மாடத்தில் கண் கடல்மட்டத்திலிருந்து 45 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொண்டால் அடிவானம் 26 கிலோமீட்டர். கீழே மணலில் நின்றபோது அது ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. அதனால் நேற்று கீழிருந்து பார்த்தபோது மேல்தளம் மட்டும் தெரிந்த கப்பல் இன்று நீர்க்கோடு வரை முழுசாகத் தெரியலாம். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன பைனாகுலர் போதும். 7க்கு 50 அளவு, அதாவது ஏழு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 50 மில்லிமீட்டர் உள்ளது, நல்லது. பத்து மடங்குக்கு மேல் போனால் அந்தக் காற்றில் கை நிற்காது.

லென்ஸையும் பழைய கருவிகளையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்க விரும்புபவர்கள் மாமல்லபுரம் போக வேண்டும். அங்கே விளக்கத்தோடு ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. கருங்கல் கோபுரத்துக்குப் பக்கத்துப் பாறைமேல் இருக்கும் உலக்கண்ணேஸ்வரர் கோயிலின் உச்சியில்தான், இந்தக் கோபுரம் எழும்புவதற்கு முன் விளக்கை வைத்து எரித்தார்கள். சென்னையில் லிஃப்ட், மாமல்லபுரத்தில் படிகள். மூட்டுவலிக்காரர்கள் அதையும் கணக்கில் கொள்ளவும்.

பேசாமல் நிற்கும் தூண்

நாலு விளக்கங்களில் மனதை அதிகம் பிடித்து நிறுத்துவது எரியாத ஒன்றுதான், 1844இன் கல்தூண். உயர் நீதிமன்ற வளாகத்துக்குள், கட்டடங்களுக்கு நடுவே நிற்கிறது. கிரேக்கக் கோயில் தூண்போல் அடியில் பருத்து மேலே மெல்லச் சிறுக்கும். அதை வடிவமைத்த ஜே. டி. ஸ்மித் மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்தவர். அவர் யோசித்தது இப்படி. நேர்க்கோடாகப் போகும் சோழமண்டலக் கரையில் விளக்கு முழு வட்டம் சுற்றினால், பாதி நேரம் ஊருக்குத்தான் ஒளி காட்டும். அதனால் அவர் சுழலும் விளக்குக்குப் பதில் முன்னும் பின்னும் ஊசலாடும் விளக்கை உருவாக்கினார். கடல் பக்கத்து அரைவட்டத்தை மட்டும் அது துழாவிவிட்டுத் திரும்பும். அதே எண்ணெய், அதே சுடர், ஆனால் எல்லா ஒளியும் கப்பலுக்கு. இதற்கு ஒரு விலையும் உண்டு. நேர் எதிரே இருப்பவருக்கு ஃபிளாஷ் சீரான இடைவெளியில் வரும். ஊசலின் ஓரத்தில், கரையை ஒட்டி வருபவருக்கோ போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று என்று இரண்டு அடுத்தடுத்து வந்து, பிறகு நீண்ட இருட்டு. நிதானமான மாலுமி அந்தச் சீரின்மையிலிருந்தே தான் விளக்குக்கு எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று ஊகிக்கலாம். துறைமுகம் இல்லாத, கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டிக் கரையேறிய அந்தக் காலச் சென்னைக்கு எண்ணெயும் முக்கியம், வருபவரின் கண்ணும் முக்கியம். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்த ஒரு மனிதரின் தீர்மானம் அந்தக் கல்லுக்கு மேலே ஐம்பது ஆண்டு எரிந்தது.

பிறகு நீதிமன்றம் உயர்ந்து எழுந்தது, விளக்கு பக்கத்துக் குவிமாடத்துக்கு ஏறியது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் வந்து குண்டு வீசியபோது சென்னையின் விளக்குகள் அணைக்கப்பட்டிருக்கவில்லை. அந்தக் குண்டுகளில் ஒன்று விழுந்த இடத்தை உயர் நீதிமன்ற மதிலில் இருக்கும் கல்வெட்டுப் பலகை சொல்கிறது.

வளாகத்துக்குள் போகப் பாதுகாப்புச் சோதனையும் அனுமதியும் உண்டு, வேலை நாளில் சுற்றுலாப் பயணியாக உள்ளே நுழைவது எளிதல்ல. அனுமதி கிடைக்காவிட்டால் வெளியே சாலையிலிருந்தே மூன்றாவது விளக்கமான குவிமாடத்தைப் பார்த்துவிடலாம், ஒளி இருந்த உச்சி தெளிவாகத் தெரியும். கோட்டை அருங்காட்சியகத்துக்கு அடையாள அட்டையோடு போங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. மெரினாவிலிருந்து இந்த மூன்றும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள்தான். தூணின் அருகே போக முடிந்தால் அதன் அடியில் நின்று கிழக்கே திரும்புங்கள். துறைமுகம் கட்டிய பிறகு அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கடல் பின்வாங்கியது, மெரினா அகன்றது அப்படித்தான். இப்போது அங்கிருந்து பார்த்தால் சுவர்களும் வாகனங்களும்தான், கடல் தெரியவில்லை.